அம்மாவின் தள்ளுவண்டியும் மாநகராட்சியின் தாள்களும்

2022-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, அரசு மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் அம்மா இட்லி அவித்துக்கொண்டிருந்த தள்ளுவண்டியை மாநகராட்சி லாரி ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. அடுப்பு, சிலிண்டர், இரண்டு இட்லிக் கொப்பரை, சாம்பார் அண்டா, முதல்நாள் அரைத்து வைத்திருந்த பதினைந்து கிலோ மாவு எல்லாம் வண்டியோடு போயின. வந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். அம்மாவின் கையில் எழுத்தில் எதையும் கொடுக்கவில்லை. நான் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். பில் இல்லாமல் ஒரு மூட்டைகூட எங்கள் கிடங்கு வாசலைத் தாண்டாது. அதனால்தானோ என்னவோ, செய்தி கேட்டு ஓடிப்போய் நின்றபோது, ஆத்திரத்துக்கு முன்பாக எனக்குள் எழுந்த கேள்வி 'எடுத்த பொருளுக்குச் சீட்டு எங்கே' என்பதாகவே இருந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் நகரச் சட்டங்களைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டவற்றையும், செய்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

அம்மா அந்த இடத்தில் வண்டி போட்டது 2006-இல், அப்பா இறந்த அடுத்த ஆண்டு. கிராமங்களிலிருந்து வரும் முதல் பேருந்துகள் விடியுமுன்பே நோயாளிகளையும் அவர்களோடு வருபவர்களையும் இறக்கிவிடும். உள்ளே படுத்திருப்பவருக்காகத் தூக்குவாளியோடு வெளியே வருபவர்களுக்கு அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடை வேறு கிடையாது. காலை ஐந்து மணி முதல் பத்து மணிவரை வியாபாரம் நடக்கும். தரைக்கடை வசூல் குத்தகை எடுத்தவரின் ஆள் தினமும் வந்து பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். எங்கள் அலுவலகத்தில் பில்களைக் குத்தி வைக்கும் கம்பி போன்ற ஒன்றை நான் கொடுத்திருந்ததால், அம்மா அந்தச் சீட்டுகளை அதில் குத்தி வைத்து, கம்பி நிறைந்ததும் நூலால் கட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவிடுவார். பிற்பாடு எங்களுக்கு மிகவும் உதவிய ஆவணம் அந்தக் கட்டுதான் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

உண்மையில் வண்டியை எடுத்துப் போனது அது இரண்டாம் முறை. முதல் முறை 2017-இல் எடுத்தபோது, மாநகராட்சிக் கிடங்குக்குப் போய்ப் பலமுறை கும்பிட்டு, 1,500 ரூபாயை ரசீது இல்லாமல் கொடுத்து, ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதம் ஒன்றில் அம்மா கையொப்பமிட்டு மீட்டு வந்தார். 'நான் பொது இடத்தை ஆக்கிரமித்திருந்தது உண்மை. இனி அங்கே வியாபாரம் செய்யமாட்டேன்' என்பது அந்தக் கடிதத்தின் சாரம். வேறு வழியில்லாமல் நான்காம் நாளே அதே இடத்துக்குத் திரும்பினார். ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கடிதத்தின் நகலை அதிகாரி கோப்பிலிருந்து எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். அவசரத்தில் இருப்பவரிடம் நீட்டப்படும் தாளில் தொகையைவிட வாசகமே அபாயமானது. கட்டணத்தைக் கட்டுவது ஒன்று, தான் செய்ததே குற்றம் என்று எழுதிக் கொடுப்பது வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

2022-இல் எங்களோடு நின்றவர் சாலையோர வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். அவரும் காய்கறி வண்டிக்காரர்தான். "தம்பி, சட்டத்தை வாயால கேட்காதீங்க, தாள்ல கேளுங்க" என்பது அவர் எல்லோரிடமும் சொல்லும் வாக்கியம். 'கார்ப்பரேஷன் ரூல்' என்று சாலையில் ஒரே சொல்லாகச் சொல்லப்படுவது உண்மையில் பல அடுக்குகள் கொண்டது என்பதை அவர்தான் புரியவைத்தார். மேலே நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டம். அதன்கீழ் மாநில அரசு வகுத்த விதிகளும் திட்டமும். அதற்குக் கீழே மாமன்றத் தீர்மானமும் துணை விதிகளும். பிறகு ஆணையரின் உத்தரவு. கடைசியில் சாலைக்கு வரும் ஆய்வாளரின் வாய்ச்சொல். கீழே இறங்க இறங்க அதிகாரம் குறைகிறது என்றாலும், சாலையில் நிற்பவரின் கண்ணுக்குக் கடைசி அடுக்கு மட்டுமே தெரிகிறது. ஆகவே எந்த உத்தரவு வந்தாலும், அது இந்த அடுக்குகளில் எதிலிருந்து வருகிறது, அதன் எண்ணும் தேதியும் என்ன என்று மரியாதையாகக் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் விஷயத்தில் மேல் அடுக்கில் இருந்தது, 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கும் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் முறைப்படுத்துதல் சட்டம். அதன்கீழ் தமிழக அரசு 2015-இல் திட்டத்தையும் விதிகளையும் வகுத்திருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு முன்கதையும் உண்டு. நடைபாதையில் வியாபாரம் செய்வது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமையில் அடங்கும், ஆனால் குறிப்பிட்ட ஓர் இடம் எனக்கே நிரந்தரம் என்று யாரும் உரிமை கோர முடியாது என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும். வியாபாரிகள் முதல் பாதியையும் அதிகாரிகள் இரண்டாம் பாதியையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாலேயே பாதிச் சண்டைகள் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

சட்டத்தை நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தேன். நகர விற்பனைக் குழு என்ற ஒன்று இருக்க வேண்டும். அதற்கு ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அந்தக் குழு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு, மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற அளவுக்கு உட்பட்டு, விற்பனைப் பகுதிகளில் இடம் தர வேண்டும். நான்கு லட்சம் பேர் வாழும் நகரம் என்றால் பத்தாயிரம் வியாபாரிகள். எங்களுக்கு உயிர்நாடியாக இருந்தது மூன்றாம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு: கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்கிறது பதினெட்டாம் பிரிவு. பறிமுதல் செய்தால் பொருள்களின் பட்டியலைக் கையொப்பமிட்டுத் தர வேண்டும், கோரிக்கை வைத்ததும் கெடாத பொருளை இரண்டு வேலை நாள்களுக்குள்ளும் கெடும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும் என்கிறது பத்தொன்பதாம் பிரிவு. படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இட்லி மாவு கெடும் பொருள்னு அதுல எழுதியிருக்கா?"

மாவு எழுதியிருக்கவில்லை, ஆனால் 'கோரிக்கை வைத்ததும்' என்று எழுதியிருந்தது. கடிகாரம் ஓடத் தொடங்குவது நாம் கோரிக்கை வைத்த நேரத்திலிருந்துதான். கிடங்கின் முன்னால் நாள் முழுக்கக் காத்துக் கிடப்பது கோரிக்கை ஆகாது. இது தெரியாமல் முதல் நாளை வீணாக்கினோம், மாவும் புளித்துப் போனது. புதன்கிழமை காலை, எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியல், நேரம், இடம், லாரியின் எண், கேட்கும் நிவாரணம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி அம்மாவின் கையொப்பத்தோடு கிடங்கில் கொடுத்தபோது வாங்க மறுத்தார்கள். வாதாடாமல் நேரே ஆணையர் அலுவலகத்தின் தபால் பிரிவுக்குப் போய், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, இன்னொரு பிரதியைப் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். மண்டல அலுவலகத்தில் 5,000 ரூபாய் கட்டச் சொன்னவரிடம், எந்தப் பிரிவின்கீழ் என்று மட்டும் கேட்டேன். சட்டத்தை மீறும் வியாபாரிக்கு அதிகபட்ச அபராதமே 2,000 ரூபாய்தான்; அறிவிப்புக் காலம் முடிந்தும் இடத்தைக் காலி செய்யாதவருக்கு நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வரை. 5,000 என்பதற்கு எங்குமே இடமில்லை. வெள்ளிக்கிழமை 500 ரூபாய் கட்டணமும் அதற்கு ரசீதுமாக முடிந்தது. இம்முறையும் தட்டச்சுக் கடிதம் நீட்டப்பட்டது, அம்மா கையொப்பமிடவில்லை. பொருள்களைப் பெற்றுக்கொண்டதற்கான தாளில் மட்டும், எங்கள் அலுவலகத்தில் நசுங்கிய பெட்டியை வாங்குபவர்கள் 'சேதத்துடன் பெறப்பட்டது' என்று எழுதுவதைப் போல, 'அடுப்பின் பர்னர் ஒன்றும் மாவும் சாம்பாரும் திரும்பக் கிடைக்கவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வண்டி வந்துவிட்டதே என்று அத்தோடு விட்டிருந்தால் மூன்றாம் முறையும் போயிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நான்கு விவரங்களைக் கேட்டு மனு போட்டோம்: எங்கள் வார்டில் கணக்கெடுப்பு நடந்த தேதி, விற்பனைக் குழு உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்பும், அந்தச் சாலையை விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்த ஆணையின் நகல், குறிப்பிட்ட நாளின் பறிமுதல் பதிவேட்டு நகலும் அதற்குக் காரணமான புகாரும். 'ஏன் எடுத்தீர்கள்' என்று நான் முதலில் எழுதியிருந்ததைச் செயலாளர் அடித்துவிட்டார். இந்தச் சட்டத்தில் ஆவணத்தைத்தான் கேட்கலாம், காரணம் சொல்லும்படி வாதாட முடியாது. 'ஏன்' என்று கேட்டால் 'இது தகவல் வரையறைக்குள் வராது' என்ற ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். 30 நாள் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. கணக்கெடுப்பு முடிந்திருக்கிறது, சான்றிதழ் வழங்கும் பணி நடந்துகொண்டிருக்கிறது, தடைசெய்யப்பட்ட பகுதி என்று எந்த ஆணையும் இல்லை. இந்த மூன்று வரிகளுக்கு முன்னால், கோப்பில் இருந்த 2017-ஆம் ஆண்டுக் கடிதம் வலுவிழந்தது.

அடுத்து மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அங்கே நியமிக்கப்பட்ட இளம் வழக்கறிஞர் வழக்கு போடவில்லை. தகவல் மனுவின் பதிலையும், பதினாறு ஆண்டுச் சீட்டுக் கட்டிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக எடுத்த நகல்களையும், 2020-இல் ஊரடங்குக்குப் பிறகு பிரதமர் ஸ்வநிதித் திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் வாங்குவதற்காக மாநகராட்சியே அம்மாவுக்குத் தந்திருந்த பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்து, இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எழுதினார். ஒரு கையால் 'இவர் எங்கள் நகரின் தெருவோர வியாபாரி' என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்த அலுவலகம், மறு கையால் அதே பெண்ணை 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதியிருந்தது அந்தக் கடிதத்தில் அருகருகே தெரிந்தது.

எங்கள் பக்கத்துக் குறைகளும் சிறியவை அல்ல. வழக்கறிஞர் முதலில் கேட்டதே அவற்றைத்தான். வண்டியில் இருந்தது வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர். வியாபாரத்துக்கு நீல நிற 19 கிலோ சிலிண்டர்தான் வாங்க வேண்டும். விலை வேறுபாட்டைப் பார்த்து அம்மா மாற்றாமலே இருந்தார். பாத்திரம் கழுவிய நீரை மழைநீர் வடிகாலில் ஊற்றிக்கொண்டிருந்தோம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை வந்த பிறகு, தட்டில் விரிக்கும் ஷீட்டை மாற்றி மந்தார இலைக்கு வந்திருந்தோம் என்றாலும், சாம்பார் பார்சலுக்கு மெல்லிய கவர் நின்றபாடில்லை. உணவு விற்பவர்கள் எடுக்க வேண்டிய உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுத்திருக்கவில்லை. அப்போது அதற்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். நமக்குச் சாதகமான சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைகிறவரிடம், அவருக்குப் பாதகமான நான்கு சட்டங்களை எதிரில் இருப்பவர் எடுத்து வைக்க முடியும். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் சரிசெய்தோம். கழிவு நீருக்கு மூடி போட்ட இரண்டு டிரம், குப்பைக்கு இரண்டு வாளி, தூக்கு கொண்டுவருபவருக்கு ஒரு கரண்டி சாம்பார் கூடுதல். கடைசியாகச் சொன்னது அம்மாவின் யோசனை. கவர் கேட்பவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

பறிமுதலுக்குக் காரணமான புகாரின் நகல், பெயர் மறைக்கப்பட்டு வந்திருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்ததைப் படித்ததும் யாரென்று தெரிந்துவிட்டது: பக்கத்து அடுக்ககத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க அம்மா இட்லியைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. என் வீட்டம்மா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறாங்க. ஆஸ்பத்திரிக்குக் குறுக்கே போக அந்தப் பிளாட்பாரத்துல மூணடி வேணும். அது இல்லாம ரோட்டுல இறங்கி நடக்க வேண்டியிருக்கு" என்றார். மறுநாள் டேப் வைத்து அளந்தோம். நடைபாதை ஏழடி, வண்டி நான்கடி, வாடிக்கையாளர் உட்காரப் போட்டிருந்த பெஞ்சு இரண்டடி. அந்த அம்மாளுக்கு நாங்கள் மிச்சம் வைத்திருந்தது ஓரடி. பெஞ்சை எடுத்துவிட்டோம். உட்கார்ந்து சாப்பிட்டே பழகிய வயதான வாடிக்கையாளர் சிலர் அதற்குப் பிறகு வருவதில்லை. அந்த நட்டம் இன்றும் இருக்கிறது. நடைபாதை வியாபாரம் பற்றிய பேச்சுகளில் நடப்பவரைப் பணக்காரராகவும் விற்பவரை ஏழையாகவும் வைத்துப் பேசுவது வழக்கம். வாக்கரோடு நடப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

2023-இன் தொடக்கத்தில் சான்றிதழ் வந்தது. என் பெயரில் வாங்கிவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அது முடியாது: வேறு வாழ்வாதாரம் இல்லை, தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், வாடகைக்கோ விலைக்கோ விடமாட்டோம் என்று விண்ணப்பதாரர் உறுதி தர வேண்டும். எனக்குச் சம்பளம் இருக்கிறது. எனவே அம்மாவின் பெயரில்தான் வாங்க முடிந்தது. முழங்கால் வலி அதிகமானபின் என் தங்கை வண்டியில் நிற்கிறாள். குடும்ப உறுப்பினர் என்பதால் அதற்குத் தடையில்லை. இதைத் தெரியாமல், எங்கள் வரிசையில் ஒருவர் தன் சான்றிதழை வெளியாளுக்கு மாத வாடகைக்கு விட்டு, விசாரணைக்கு அழைக்கப்பட்டார். சான்றிதழை ரத்து செய்யும் முன்பு வியாபாரியின் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருப்பதால், அவர் போய்த் தவறை ஒப்புக்கொண்டு தப்பினார். சான்றிதழில் நேரமும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். நகல் எடுத்து லேமினேட் செய்து வண்டியில் தொங்கவிட்டு, அசலை வீட்டில் வைத்திருக்கிறோம். லாரி ஏற்றிப் போகும்போது வண்டியில் இருக்கும் காகிதமும் சேர்ந்துதான் போகும்.

சென்ற மாதம் அம்மாவின் பெயருக்கு மாநகராட்சியிலிருந்து ஒரு தபால் வந்தது. மருத்துவமனைச் சாலையில் வடிகாலைப் புதுப்பித்து அகலப்படுத்தப் போகிறார்கள், அந்தப் பக்கத்து வண்டிகள் அனைத்தும் 30 நாளுக்குள் பின்புறச் சந்துக்கு மாற வேண்டும் என்று எண்ணும் தேதியும் பிரிவும் போட்டு எழுதியிருக்கிறார்கள். பின்புறச் சந்தில் பேருந்து நிற்காது. விடியற்காலையில் அங்கே யாரும் வரமாட்டார்கள். சென்னையில் பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013-இல் அடுக்குமாடி வளாகத்துக்குள் மாற்றியதைச் செயலாளர் நினைவுபடுத்தினார். நடந்து போகிறவர் நின்று வாங்கும் சரக்குக்கும், மாடி ஏறித் தேடிப் போய் வாங்கும் சரக்குக்கும் வேறுபாடு உண்டு என்பது அவர் கட்சி. இடமாற்றம் கூடியவரை தவிர்க்கப்பட வேண்டும், மாற்றினால் பழைய வருமான நிலைக்குக் குறையாமல் வாழ்வாதாரம் மீள வேண்டும், திட்டமிடும்போதே வியாபாரிகளைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஆகவே வடிகால் வேலையை எதிர்க்காமல், வேலை நடக்கும் காலத்துக்கு மட்டும் மருத்துவமனையின் கிழக்கு வாசல் ஓரம் பதினோரு வண்டிக்கு இடம் கேட்டு, வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்ப எழுத்தில் உறுதி கேட்டு, வரிசையில் உள்ள அனைவரும் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். வாக்கர் அம்மாளின் கணவரும் அதில் குடியிருப்பவர் என்ற முறையில் கையொப்பமிட்டிருக்கிறார்.

தபால் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, அம்மா அதைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். சமையலறை நாள்காட்டியில் முப்பதாம் நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருக்கிறார். விற்பனைக் குழுக் கூட்டம் அதற்கு ஆறு நாள் முன்பு, ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு எனக்கு அரைநாள் விடுப்பு சொல்லியாகிவிட்டது.